கெக்கோ தொட்டி வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் தொடக்கம் எங்கள் கடையில் ஹீட் மேட்டை, அதாவது தொட்டிக்குக் கீழே ஒட்டிச் சூடேற்றும் மின்விரிப்பை, தனியாக விற்கமாட்டோம். சூட்டை அளவோடு வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்துத்தான் தருவோம். இதனால் லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லிக்கான தொட்டியின் விலை கூடுகிறது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

போன குளிர்காலத்தில் ஒரு தாயும் மகனும் கடைக்கு வந்தார்கள். பிள்ளைக்குப் பத்து வயதிருக்கும். ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்த ஐஸ்கிரீம் டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தான். உள்ளே துணியில் அவனுடைய கெக்கோ. மெல்லப் புரட்டிப் பார்த்தால், வயிற்றில் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து உரிந்திருந்தது. சூடு பட்ட காயம். அந்த மேட் நாங்கள் விற்றது. சின்னத் தொட்டிக்குப் பெரிய மேட்டைக் கொடுத்திருந்தோம், தெர்மோஸ்டாட் கட்டாயம் என்றும் சொல்லவில்லை. மிருக வைத்தியரிடம் போய்க் காயம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று பின்னேரமே அதே மாதிரி மேட்டை ஒரு தொட்டிக்குக் கீழே ஒட்டி, உள்ளே டைல்ஸ் போட்டு அளந்து பார்த்தோம். இரண்டு மணித்தியாலத்தில் 46 பாகை செல்சியஸ். கெக்கோ படுக்கும் இடத்துக்கு வேண்டியது 31 முதல் 33 வரைதான்.

லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கல்லும் வறண்ட மண்ணுமான இடத்துப் பிராணி. பொழுது சாய்ந்த பிறகு வெளியே வந்து, வெயிலில் காய்ந்த கல்லில் வயிற்றை ஒட்டிப் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும். போதும் என்றால் குளிர்ந்த பொந்துக்குப் போய்விடும். ஆகவே தொட்டிக்குள்ளும் அப்படிப் போக ஓரிடம் இருக்க வேண்டும். மேட் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மறு பக்கம் 24 பாகை அளவில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம் வையுங்கள். நடுவில் ஈரப்பாசி போட்ட மூன்றாவது டப்பா ஒன்று இருந்தால் தோல் உரிக்கும்போது மிகவும் உதவும். நாங்கள் இனிமேல் செய்யும் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். அதைவிடச் சிறிதானால் சூட்டையும் குளிரையும் பிரிப்பது கஷ்டம்.

தெர்மோஸ்டாட்டின் உணரியைத் தொட்டிக்குள் சும்மா போட்டுவிடாதீர்கள். கெக்கோ கிளறி அதை இழுத்துவிட்டால் உணரி குளிர்ந்த காற்றை அளக்கும், மேட் நிற்காமல் சூடேறிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டித் தருகிறோம். உள்ளே டைல்ஸின் சூட்டை வேறொரு வெப்பமானியால் அளந்து, அதற்கேற்ப தெர்மோஸ்டாட்டில் வைத்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நான்கு மூலையிலும் இருக்கும் ரப்பர் கால்களைக் கழற்றவேண்டாம். கீழே காற்றோட்டம் இல்லாவிட்டால் சூடு அடைபட்டுக் கண்ணாடி வெடிக்கலாம்.

மணல் வடிவாக இருக்கும், உண்மைதான். ஆனால் இரையோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். டைல்ஸ் அல்லது கிச்சன் பேப்பர் போதும். மண் போட்டுப் பாரமான கல்லும் வைப்பதென்றால் முதலில் கல்லைத் தொட்டியின் அடியில் இருத்தி, பிறகு சுற்றிவர மண் போடுங்கள். மண்ணுக்கு மேல் வைத்த கல்லின் கீழே கெக்கோ தோண்டினால் கல் அதன்மேல் சரிந்துவிடும்.

ஊரில் சுவரில் ஓடும் பல்லியை நினைத்து, இதுவும் ஏறி வந்துவிடுமா என்று பல அம்மாமார் கேட்கிறார்கள். லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் ஒட்டும் தன்மை இல்லை, கண்ணாடியில் ஏறாது. ஆனாலும் பூட்டக்கூடிய கம்பிவலை மூடி வேண்டும். பூனையும் சின்னக் கைகளும் வீட்டில் இருக்கின்றனவே. கிரெஸ்டட் கெக்கோ என்றால் கதையே வேறு. அது பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் மரமேறி. அதற்கு உயரமான தொட்டி வேண்டும், ஹீட் மேட் வேண்டாம், 28 பாகைக்கு மேல் போனால் ஆபத்து. அதற்கான தொட்டியைப் பற்றி நேரில் கதைப்போம்.

அப்புறம், மின்சாரம் போனால் என்ன செய்வது? 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோவில் 3 லட்சம் அளவிலான இணைப்புகள் இருளில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி வந்தால் தொட்டியைப் போர்வையால் சுற்றி, காற்றுக்குச் சிறிது இடைவெளி விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே ஒரு பக்கம் வையுங்கள். சூடு திரும்பும்வரை இரை கொடுக்காதீர்கள், குளிரில் அதற்குச் செரிக்காது.

எங்களிடம் முன்பு மேட் மட்டும் வாங்கியவர்கள் தயவுசெய்து இன்றைக்கே டைல்ஸின் சூட்டை அளந்து பாருங்கள். 33 தாண்டினால் மேட்டைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். தெர்மோஸ்டாட்டை நாங்கள் வாங்கிய விலைக்கே தருவோம், உணரியை ஒட்டித் தருவதற்குப் பணம் வேண்டாம். தொட்டியைத் தூக்கி வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்களே வருகிறோம்.

அன்புடன்,
கடைக்காரர்