டான் வில்சனை விட்டுவிடுங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

2025 அக்டோபர் 20-ஆம் தேதியிலிருந்து உங்களுக்கு ஒரே பேச்சுதான்: நம் சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணியில் யார் எப்போது இறங்குவது என்று முடிவெடுக்கிற மேனேஜர் டான் வில்சனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நேரில் பார்க்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிட்டேன். டொராண்டோவோடு ஆடிய லீக் இறுதித் தொடரின் அந்த ஏழாவது, கடைசி ஆட்டத்தைத் திரும்ப நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது. உங்களைப் போலவே கொதித்துப்போன மரினர்ஸ் ரசிகர்கள் நம் தமிழர்களிலும் சியாட்டிலை ஒட்டிய ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் இருக்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த இன்னிங்ஸ். 3-1 என்று முன்னிலையில் இருக்கிறோம். ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸில் நம் பந்துவீச்சாளர் பிரையன் வூ ஒரு வாக் (அடிக்காமலே முதல் பேஸ் கிடைப்பது), ஒரு ஹிட் கொடுத்தார். டொராண்டோ பன்ட் செய்து, அதாவது பந்தை மெல்லத் தட்டி ஓர் அவுட்டைக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரு பேஸ், ரன்னுக்கான வழியில் ஒரு நிறுத்தம், முன்னே தள்ளியது. இன்னும் எட்டு அவுட். எடுத்திருந்தால் 1977-இல் தொடங்கிய இந்த அணி முதல் தடவையாக உலகத் தொடரில், கோப்பைக்கான இறுதித் தொடரில், கால் வைத்திருக்கும். எதிரே வந்தவர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர், ஹூஸ்டனில் இருந்த காலத்திலிருந்து நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறவர். ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிற நம் ஆண்ட்ரேஸ் முன்யோஸ், மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னில் இருந்தார். வில்சன் கூப்பிட்டது இன்னொருவரை, எட்வர்ட் பசார்டோவை. அவருடைய இரண்டாவது பந்தை ஸ்பிரிங்கர் இடது பக்க வேலிக்கு மேலே அடித்தார், ஹோம் ரன். பேஸில் நின்ற இருவரோடு அவரும் சேர்ந்து மூன்று ரன். 4-3. அதோடு சரி.

முன்யோஸைத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கையிலிருக்கும் சிறந்த பந்துவீச்சாளரைக் கடைசி ஓவருக்கென்று பொத்திவைத்து, அதற்கு முந்தைய ஓவரிலேயே ஆட்டத்தைக் கோட்டைவிடுகிற கேப்டனை கிரிக்கெட்டில் எத்தனை முறை திட்டியிருக்கிறோம்! அடுத்த இன்னிங்ஸில் முன்யோஸ் வந்து என்ன பயன்?

ஆனால் அந்த ஒரு முடிவை வைத்து ஆளை மாற்றச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தொடரில் டொராண்டோவுக்கே போய் முதல் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தோம். ஊருக்குத் திரும்பி 13-4, 8-2 என்று அடுத்தடுத்து தோற்றோம், ஐந்தாவதை ஜெயித்தோம். ஆறாவது ஆட்டத்தில் மூன்று டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆனோம், அதில் இரண்டு பேஸ்கள் மூன்றும் நிறைந்திருந்தபோது. ஃபீல்டிங்கில் மூன்று பிழைகள் வேறு. அன்றைக்கே முடித்திருக்க வேண்டிய தொடர் அது. பசார்டோ வீசிய பந்து எல்லோர் கண்ணிலும் நிற்கிறது, அவ்வளவுதான்.

மேனேஜரை மாற்றும் மருந்தை நாம் ஏற்கெனவே குடித்தாயிற்று. 2024 ஜூனில் நம் பிரிவில் பத்து ஆட்டம் முன்னிலையில் இருந்தோம். ஒரே மாதத்தில் ஹூஸ்டன் வந்து பிடித்துவிட்டது. ஆகஸ்டில் கணக்கு 64 வெற்றி, 64 தோல்வி என்று வந்ததும் அப்போதைய மேனேஜர் ஸ்காட் சர்வைஸை நீக்கினார்கள். வில்சன் வந்தபின் 21 வெற்றி, 13 தோல்வி. கடைசியில் 85 வெற்றி. ஒரே ஒரு வெற்றி போதாமல் பிளேஆஃப், பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று, கைநழுவியது. அந்த ஆண்டு குறை இருந்தது மட்டையடியில். அதைச் சரிசெய்ய வேண்டிய ஆட்களை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே மேலிடம் அனுப்பிவிட்டிருந்தது. நான் பேச வந்தது அந்த மேலிடத்தைப் பற்றித்தான்.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை கடைசியில், பிளேஆஃப் போட்டியில் இருக்கும்போதே, ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிற பால் சீவால்டை அரிசோனாவுக்குக் கொடுத்தார்கள். அந்த அரிசோனா அவரை வைத்துக்கொண்டு உலகத் தொடருக்கே போனது. நாம் 88 வெற்றியோடு, ஒரு வெற்றி குறைந்து, வீட்டில் உட்கார்ந்தோம். நம் கேட்சர் (கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போல) கால் ராலி அப்போதே வாய்திறந்து சொன்னார், ஜெயிக்க வேண்டுமானால் மற்ற அணிகளைப் போல ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று. மறுநாளே அவர் வருத்தம் தெரிவிக்கவும் வேண்டியிருந்தது. உள்ளதைச் சொன்ன பிள்ளை வருத்தம் தெரிவித்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த வாரம்தான் வீரர்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் பொறுப்பாக இருந்த தலைவர் ஜெர்ரி டிப்போட்டோ செய்தியாளர்களிடம் பேசினார். பத்தாண்டுகள் 54 சதவீத ஆட்டங்களை வென்றுகொண்டிருந்தால் உலகத் தொடர் தானாக வரும், பொறுமையாக இருக்கச் சொல்வது ரசிகர்களுக்குச் செய்கிற உதவிதான் என்ற பொருளில். 162 ஆட்டத்தில் 88 வெற்றி என்றால் 54 சதவீதத்துக்குச் சற்று மேலேயே வருகிறது. அவர் வைத்த அளவை அந்த ஆண்டு தொட்டோம், பிளேஆஃபைத் தொடவில்லை. சராசரியைத் துரத்துகிற நிர்வாகத்துக்கு அந்த ஒரு வெற்றியின் அருமை தெரிவதில்லை. ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ் 2005 முதல் 2019 வரை பதினைந்து பருவங்கள் நமக்காகப் பந்து வீசினார். எதிரணியில் ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடாத பெர்ஃபெக்ட் கேம் வீசினார். ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட அவர் பந்துவீசும் மேட்டில் ஏறவில்லை. பொறுமை என்ற சொல்லை அவர் முன்னால் யாராவது சொல்ல முடியுமா?

அந்தக் குளிர்காலத்தில் தொலைக்காட்சி வருமானத்தைக் காரணம் காட்டிச் செலவைக் குறைத்தார்கள். மட்டையாளர்களில் டியோஸ்கர் எர்னாண்டஸைத் தக்கவைக்கவில்லை. அவர் டாட்ஜர்ஸுக்குப் போய் 2024-இல் கோப்பையைத் தூக்கினார். யூஹேனியோ சுவாரெஸை அரிசோனாவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

நியாயமாகவும் பேச வேண்டும். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதில் டிப்போட்டோவின் ஆட்களை மிஞ்சுகிறவர்கள் குறைவு. பந்துவீச்சாளர்கள் கில்பர்ட், கர்பி இருவரும் முதல் சுற்றுத் தேர்வுகள், சரி. ராலி மூன்றாம் சுற்று, வூ ஆறாம் சுற்று! அந்த ராலி 2025-இல் 60 ஹோம் ரன் அடித்தார். கேட்சர்களில் யாரும் அந்தப் பக்கமே போனதில்லை. பழைய சாதனை சால்வடோர் பெரேஸின் 48. இந்த அடித்தளத்தைக் கட்டியவர்களை அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அடித்தளத்தைப் போட்டுவிட்டுச் சுவர் எழுப்பத் தயங்கினார்கள். டிப்போட்டோ மட்டுமல்ல, பணப்பையைக் கையில் வைத்திருக்கும் உரிமையாளர் ஜான் ஸ்டான்டன் தரப்பும்தான்.

2025 ஜூலையில் தயக்கத்தை விட்டார்கள். ஒரே வாரத்துக்குள் அரிசோனாவிலிருந்து ஜாஷ் நெய்லர் வந்தார், பின்னாலேயே நாம் தள்ளிவிட்ட அதே சுவாரெஸும் வந்தார். நெய்லரின் உடம்பைப் பார்த்தால் ஓடுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நமக்கு வந்தபின் 19 பேஸ் திருடினார் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). செப்டம்பரில் ஹூஸ்டனுக்கே போய் மூன்று ஆட்டத்தையும் அள்ளினோம். 2017 முதல் 2024 வரை, 2020 ஒன்று நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் நம் பிரிவை வென்ற அணி. 2022-இல் 18 இன்னிங்ஸ் ஆடவைத்து 1-0 என்று நம்மை வெளியேற்றிய அணி. அவர்கள் பிளேஆஃபே போகாத ஆண்டில், 2001-க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரிவு நமக்கு வந்தது. பிளேஆஃபில் டெட்ராய்டை 15-ஆவது இன்னிங்ஸில் பொலாங்கோ முடித்துவைத்தார். டொராண்டோவோடு ஐந்தாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸில் ராலி சமன் செய்ய, சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அடித்தார். அந்த இரவில் நீங்கள் அழுதீர்கள், அண்ணா. நானும்தான்.

ஜூலையில் தைரியம் காட்டியதால் கிடைத்தது அந்த இரவு. அதே தைரியம் 2023-இலும் இருந்திருந்தால் என்ற கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டும். வில்சன் 1995 அணியின் கேட்சர், இந்த மைதானத்தின் வலி தெரிந்தவர். முதல் முழுப் பருவத்திலேயே உலகத் தொடருக்கு எட்டு அவுட் தூரம் கொண்டுவந்தவர். அந்த முடிவு அவரை வாழ்நாள் முழுக்கத் தூங்கவிடாது. அடுத்த தடவை முன்யோஸை ஏழாவதிலேயே அழைப்பார் என்று நம்புகிறேன்.

2026-இல் வாய்ப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நல்ல வாய்ப்பு. நெய்லரை ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டுத் தக்கவைத்தது மனப்போக்கு மாறியதற்கு அடையாளம். கில்பர்ட், கர்பி, வூ மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால், ஒவ்வொரு லீகிலும் ஆறு அணிகள் பிளேஆஃப் போகிற இந்தக் காலத்தில் நாம் வெளியே நிற்கக் காரணமே இல்லை. ஹூஸ்டன் பழைய ஹூஸ்டன் இல்லை என்றாலும் அவர்களை எழுதித் தள்ள மாட்டேன். டெக்ஸாஸ் 2023-இல் கோப்பை வென்றது எப்படி என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது: பிளேஆஃபுக்குள் நுழைந்தவர்களில் யாரும் யாரையும் வீழ்த்தலாம்.

அதனால் ஜூலை வரை வில்சன் பேச்சை ஒத்திவையுங்கள். ஜூலை கடைசியில் அணிக்கு ஓட்டை இருந்து, மேலிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், நானே உங்களோடு சேர்ந்து சத்தம் போடுகிறேன், சரியான ஆட்களைப் பார்த்து. மார்ச் கடைசியில் ஆட்டம் தொடங்குகிறது. அண்ணிக்கும் சேர்த்து எத்தனை டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி