பாக் நீரிணை: கைதுச் செய்திக்கு அப்பால்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாக் நீரிணை என்றாலே மீனவர் கைது, படகு பறிமுதல் என்ற அளவில்தான் செய்தி வருகிறது. அந்தக் கடலைப் பற்றி முழுதாக எழுதுங்கள் என்பது என் கோரிக்கை.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1914 முதல் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் எல்லை வகுத்தன. இருந்தும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் சேர்ந்தே தமிழில் ஜெபிக்கிறார்கள்.

ஆழம் குறைந்த இந்தக் கடலின் அடியில் கடல்புல் விரிந்து கிடக்கிறது. கடற்பசு மேய்வதும் இறால் குஞ்சுகள் வளர்வதும் அதில்தான். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி, கடல் தரையை வாரிக்கொண்டு போகும்போது புல்லோடு குஞ்சும் வந்துவிடுகிறது. இலங்கை 2017-ல் இதற்குத் தடை போட்டது. நம் விசைப்படகுக்காரர்கள் கடனில் விழாமல் வேறு தொழில்முறைக்கு மாற அரசு வழி செய்ய வேண்டும்.

அப்புறம், வட இலங்கை மீனவரும் தமிழர்தான். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். இன்று நம் இழுவை மடியில் சிக்கி அவர்களுடைய வலைகள் அறுபடுவதையும் உங்கள் நிருபர் போய்ப் பார்த்து எழுதட்டும்.

வாசகர்,
இராமநாதபுரம்.