பிள்ளைகளின் பாதங்கள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மும்பை
ஆகஸ்ட் மாத இறுதி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாக நடந்துவருகிறது. அலகுத் தேர்வு விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. கபடி அணியும் ஓவியப் போட்டிக்குச் சென்றவர்களும் பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் கணினி அறை வாசலில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஷூவைக் கழற்ற மறுத்து நின்றான். தனியே அழைத்துப் பார்த்தோம். விரல் இடுக்குகளில் தோல் ஊறி வெளுத்து உரிந்திருந்தது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வெடித்திருந்தது. சேற்றுப்புண். மூன்று வாரமாக வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். பிறகு மற்ற உயர்வகுப்புகளிலும் விசாரித்தோம். வகுப்புக்கு நாலைந்து பேர் கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

பெயரில் சேறு இருந்தாலும், பெரும்பாலும் இதைக் கொண்டுவருவது படர்தாமரையை உண்டாக்கும் அதே வகைப் பூஞ்சைதான். ஈரமும் வெப்பமும் காற்றுப் புகாத இடமும் அதற்குப் போதும். சயானிலும் கிங் சர்க்கிளிலும் தேங்கும் நீரில் நடந்து வரும் பிள்ளை, நனைந்த சாக்ஸோடு மாலைவரை உட்கார்ந்திருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர், கொடியில் நாள்கணக்கில் காயாத துணி என்று மழைக்காலத்தில் உங்கள் வீடுகள் படும் பாடு எனக்குத் தெரியும். எந்த மழையிலும் ஷூ கட்டாயம் என்ற எங்கள் விதியும் இதற்கு ஒரு காரணம். அதை இன்றே தளர்த்துகிறேன். செப்டம்பர் முடியும்வரை காற்றோட்டமான செருப்பில் வரலாம். சாலையில் தண்ணீர் தேங்கிய நாளில் வடிந்தபின் தாமதமாக வந்தாலும் போதும். புண் உள்ள காலோடு அந்த நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக வழியுண்டு. 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பின் அந்தக் காய்ச்சல் இந்த நகரில் பரவியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்படி நடக்க நேர்ந்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, தாமதிக்காமல் மாநகராட்சி மருந்தகத்தில் காட்டுங்கள்.

மருதாணி அரைத்துப் பூசுவது நம் வழக்கம். அதைப் பழிக்கவில்லை. ஆனால் அதையே நம்பி வாரங்களைக் கடத்த வேண்டாம். கிளாட்ரிமசோல், டெர்பினஃபின் போன்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்புகளுக்கு இது பெரும்பாலும் அடங்கிவிடும். அரிப்பு நாலு நாளில் நிற்கும். உடனே களிம்பை மூலையில் போட்டுவிடுகிறோம், அது திரும்பி வருகிறது. மருத்துவர் சொன்ன நாள்வரை, தோல் தெளிந்த பிறகும், தடவ வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிவப்பையும் அரிப்பையும் மறைத்துவிட்டு, பூஞ்சையை உள்ளே பரவ விடும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சிறு குழந்தைகளுக்குச் சேற்றுப்புண் அவ்வளவாக வருவதில்லை. அவர்கள் பாதம் வெடித்தால் ஷூவின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

தினமும் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. நனைந்த ஷூவை மறுநாளே போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புண் உள்ள பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்கார வைக்கும்படி சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். செய்ய மாட்டேன். இது ஈரத் தரையிலும், பிறர் துண்டிலும் சாக்ஸிலும் ஒட்டும். பக்கத்தில் உட்கார்வதால் ஒட்டாது. கால் நாற்றம் என்று ஒரு மாணவனைப் பட்டப்பெயர் வைத்து அழைத்தவர்களின் பெற்றோரை நேரில் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் வலியைப் பொறுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயர்தான் காரணம்.

உங்கள் பிள்ளைகள்மீது உங்களுக்குள்ள அக்கறையால்தான் கேட்டீர்கள் என்பதை அறிவேன். என் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு பிள்ளையின் காலை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

நனைந்த ஷூக்களுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்பிய பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு மாதத்துக்குத் தேவைப்படும். வீட்டில் இருந்தால் காவலாளியிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்