காசு வாங்கும் கறிக்கு எடை சொல்லுங்கள்: நெல்லை உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பகுதிகளில் பிரியாணிக் கடையும் கிண்ணத்தில் சோற்றின் மேல் கறி போட்டுத் தரும், புதிதாக வந்திருக்கும் ரைஸ் பவுல் கடையும் நடத்திவரும் உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை நடத்துகிறவன். கால் கிலோ துவரம்பருப்பு கேட்டு வருகிறவருக்கு ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க என்னால் முடியாது. என் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறேன், கடையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நிகர எடையும் விலையும் அச்சாகியிருக்கின்றன. இந்தப் பழக்கத்தில் ஊறியவன் என்பதால்தான் உங்கள் கடைகளில் கூடுதல் காசுக்கு விற்கப்படும் கூடுதல் கறியைப் பற்றி எழுதத் துணிந்தேன். குறைகூறும் வாடிக்கையாளராக மட்டும் என்னை எண்ண வேண்டாம். நானும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன்தான்.

என் மகள் கல்லூரி மாணவி, ஓட்டப் பந்தய வீராங்கனை. காலையும் மாலையும் பயிற்சி உண்டு. தேகப் பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும் என்று அவளுடைய பயிற்சியாளர் சொன்னதிலிருந்து, மாலைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு கடையில் சிக்கன் ரைஸ் பவுல் வாங்குவாள். பவுல் 180 ரூபாய். 'எக்ஸ்ட்ரா சிக்கன்' என்றால் இன்னும் 90 ரூபாய், அதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. விலைப்பலகையில் இவ்வளவும் தெளிவாக இருக்கிறது. அந்த 90 ரூபாய்க்கு எவ்வளவு கறி என்பது மட்டும் எங்கும் இல்லை.

ஒரு நாள் சாதாரண பவுலும் மறுநாள் எக்ஸ்ட்ரா சிக்கன் போட்ட பவுலும் வாங்கிவரச் சொல்லி, வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சோற்றிலிருந்து துண்டு துண்டாகக் கறியை எடுத்து, ஒட்டியிருந்த மசாலாவையும் முட்டைக்கோஸையும் வழித்துவிட்டு, சிறிய மின்தராசில் நிறுத்தேன். சாதாரண பவுலில் 104 கிராம். எக்ஸ்ட்ரா போட்டதில் 141 கிராம். ஆக, 90 ரூபாய்க்குக் கூடுதலாக வந்தது 37 கிராம். அடுத்த வாரம் அதே கடையில், அதே காசுக்கு, 187 கிராம் இருந்தது. அன்றைக்குக் கூடுதல் 83 கிராம். கடைக்காரன் புத்தி கணக்குப் போடாமல் இருக்குமா? முதல் தடவை கிலோ ஏறத்தாழ 2,430 ரூபாய் வீதமும், இரண்டாம் தடவை கிலோ ஏறத்தாழ 1,080 ரூபாய் வீதமும் ஒரே பொருளுக்கு நான் கொடுத்திருக்கிறேன்.

கோபத்தோடு அந்தக் கடைக்குப் போனேன் என்பதை மறைக்கவில்லை. பரிமாறும் இடத்தில் நின்ற தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. "அண்ணாச்சி, ஒரு கரண்டின்னா சாதா, ரெண்டு கரண்டின்னா எக்ஸ்ட்ரா. கரண்டில எவ்வளவு நிக்கோ அவ்வளவுதான்" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. பாத்திரம் நிறைந்திருக்கும்போது கரண்டி குவியலாக வருகிறது. அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போது, அடுத்து வரிசையில் நிற்கிறவருக்கும் வேண்டுமே என்று கை தானாகவே சுருங்குகிறது. அவனிடம் அளவு இல்லை, கொடுக்கப்படவும் இல்லை. ஆகையால் அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அளவை முடிவு செய்யும் பொறுப்பை அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் விட்டுவிட்டு, விலையை மட்டும் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்பதுதான் என் குறை.

விலை அதிகம் என்று நான் சொல்லவரவில்லை. பல்லடத்தில் அறிவிக்கப்படும் கறிக்கோழிக் கொள்முதல் விலை ஏறி இறங்குவதை நானும் செய்தித்தாளில் பார்க்கிறேன். எலும்பு நீக்கிய பச்சைக் கறி 100 கிராம் வாணலியில் வெந்து இறங்கும்போது 70 முதல் 75 கிராம்தான் தேறும் என்பதும், கேஸ், எண்ணெய், கூலி, வாடகை எல்லாம் அதன் தலையில்தான் ஏறும் என்பதும், உணவகத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்றால் வாங்கும் சரக்கில் கட்டிய வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தவைதான். கூடுதல் கறிக்குக் கூடுதல் காசு வாங்குவது முழுக்க நியாயம். 90 ரூபாய் கட்டாது என்றால் 110 ரூபாய் போடுங்கள். ஆனால் எத்தனை கிராமுக்கு என்று பக்கத்தில் எழுதுங்கள்.

நம் ஊரில் கணக்கில்லாமல் கொடுக்கும் பழக்கம் உண்டு, அது நம் பெருமை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சால்னாவை எத்தனை தடவை ஊற்றினார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கொசுறாக வந்து விழுகின்றன. கொசுறுக்கு யாரும் எடை கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அது கொடுப்பவர் மனம். எக்ஸ்ட்ரா சிக்கன் கொசுறு அல்ல. அதற்குப் பில்லில் தனி இடம் இருக்கிறது, தனி விலை இருக்கிறது, அந்த விலைக்கு மேல் வரியும் இருக்கிறது. பில்லில் தனிப் பொருளாக நிற்கும் ஒன்றைக் கரண்டியில் மட்டும் கொசுறுபோல் நடத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கறியையும் சோற்றையும் பிரித்து விலை வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. பிரியாணிக் கடையில் குஸ்காவுக்கு ஒரு விலை, பீஸ் வைத்த பிரியாணிக்கு ஒரு விலை என்று வெகுநாளாக இருக்கிறது; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பீஸின் விலை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே இரண்டு பீஸ் என்றால் இரண்டு பீஸ். இலையில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். எலும்போடு வரும் கறிக்கு அந்த எண்ணிக்கையே ஓரளவு போதும். முட்டை இன்னும் நேர்மையான பொருள். ஆம்லெட்டோ ஆஃபாயிலோ கலக்கியோ, ஒரு முட்டை என்றால் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. சிறு சிறு துண்டாக நறுக்கி மசாலாவில் புரட்டிய எலும்பில்லாத கறியிலும் பனீரிலும்தான், எண்ணவும் முடியாமல் கண்ணால் மதிப்பிடவும் முடியாமல் அளவு மறைந்துபோகிறது.

இதில் என் காசு போவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது மகளின் கணக்கு. அவள் எடை 48 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் பொதுவாக வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு. அதன்படி அவளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம். கடும் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 கிராமும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். குறைந்தபட்சமாக எடுத்தாலும் 58 கிராம் ஆகிறது. வெந்த எலும்பில்லாத கோழிக்கறியில் நூற்றுக்கு 28 கிராம் அளவில் புரதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 37 கிராம் கறியில் கிடைத்தது 10 கிராம். இரண்டு அவித்த முட்டையில் இருக்கும் 12 கிராமைவிடக் குறைவு. அடுத்த வாரம் கிடைத்தது 23 கிராம். 'ஹை புரோட்டீன்' என்று விலைப்பலகையில் எழுதி விற்கும் கடையில், எவ்வளவு புரதம் உள்ளே போனது என்று தெரியாமலே அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நோயிலிருந்து எழுந்தவர்களும் கர்ப்பிணிகளும்கூட இந்த வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. அமெரிக்காவில் பவுல் விற்கும் சிப்போட்லே என்ற உணவக நிறுவனத்தின் கடைகளில் கறியின் அளவு குறைந்துவிட்டது என்று 2024இல் வாடிக்கையாளர்கள் புகார் எழுப்பினார்கள். வெல்ஸ் ஃபார்கோ என்ற வங்கியின் ஆய்வாளர்கள் நியூயார்க்கில் ஒரே மாதிரியான 75 பவுல்களை வாங்கி நிறுத்துப் பார்த்ததில், மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருந்தது. அந்த நிறுவனத்தில் கறியின் ஒரு பங்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் என்று எழுத்தில் அளவு இருந்தும் இந்த நிலை; பிறகு அளவு பிசகும் கிளைகளுக்கு மறுபயிற்சி கொடுக்கப்போவதாக நிர்வாகம் சொன்னது. எழுதிவைத்த அளவு இருந்தால்தான் பிசகியது என்று சொல்லவாவது முடியும். நம் கடைகளில் பிசகியதென்று சொல்வதற்கே ஓர் அளவு இல்லை.

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை அறிந்தே எழுதுகிறேன். பொட்டலப் பொருட்களுக்கு நிகர எடை அச்சிட வேண்டும் என்று என்னைக் கட்டும் 2011ஆம் ஆண்டின் விதிகள், உணவகத்தில் கட்டித்தரும் பார்சலுக்கு விலக்கு அளிக்கின்றன. பத்து இடங்களிலும் அதற்கு மேலும் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் பரிமாறும் அளவையும் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஓரிரு கிளைகள் மட்டும் உள்ள நம் ஊர்க் கடைகளை அது தொடாது. அதனால்தான் ஆட்சியருக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. சாதாரண பவுலில் வெந்த கறி எத்தனை கிராம், எக்ஸ்ட்ராவில் எத்தனை கிராம் என்று விலைக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். பச்சைக் கறியின் எடையை எழுதிவிட்டு வெந்ததைக் கொடுக்க வேண்டாம். தட்டில் விழுவதுதான் எங்கள் கணக்கு. எக்ஸ்ட்ராவைச் சோற்றோடு கலக்காமல் சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கொடுங்கள். அப்போது முதல் பங்கு குறைந்ததா என்ற சந்தேகமே எழாது. கூட்டமான நேரத்தில் ஒவ்வொன்றையும் நிறுக்க முடியாது என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. கூட்டம் வருமுன்பே கிண்ணங்களில் நிறுத்து வைத்துவிடலாம். நான் காலையிலேயே சீனியைக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி வைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன்.

இதைப் பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயில் பக்கத்து அல்வாக் கடைகளில் சாயங்காலம் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், நூறு கிராம் கேட்கிறவருக்கும் தராசில் வைத்து, முள்ளோ எண்ணோ நின்ற பிறகுதான் கொடுக்கிறார்கள். சுடச்சுட, நெய் வழுக்கும் அந்த அல்வாவை நிறுக்க முடிகிறபோது, கறித்துண்டை நிறுக்க முடியாதா?

எடையை எழுதி வைக்கிற முதல் கடைக்கு, விலை எதுவானாலும், மகளை அழைத்துக்கொண்டு நானே வருவேன். எந்தத் தராசு வாங்கலாம், முத்திரைக்கு எங்கே போக வேண்டும் என்று உங்களில் யாரேனும் கேட்டால், தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர்