பிக்கப் குறைந்தால் ப்ளோ-ஆஃப் வால்வை இறுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தின் கேள்வி-பதிலில் ஒரு வாசகர், டர்போ பெட்ரோல் காரில் புது ப்ளோ-ஆஃப் வால்வு (காலை எடுக்கும்போது மிஞ்சும் காற்றை வெளியே விடும் வால்வு) போட்டதிலிருந்து பிக்கப் குறைந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். வால்வின் ஸ்பிரிங் தளர்வாக இருப்பதால் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தரும் காற்று, கசிகிறது, மேலே இருக்கும் திருகை நன்றாக இறுக்கிவிடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். டர்போ வண்டிகளோடுதான் என் பிழைப்பு. அந்தப் பதில் தவறு. அதை நம்பி ஸ்பேனரைக் கையில் எடுப்பவரின் டர்போ கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி பூஸ்டில் ஓடும்போது, டர்போவில் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரமான கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். கியர் மாற்ற ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு பட்டென்று மூடிக்கொள்ளும், ஆனால் கம்ப்ரஸர் உடனே நின்றுவிடாது, காற்றைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். முன்னால் போக வழியில்லாத காற்று வந்த வழியே இறக்கைகளுக்குள் திரும்பும், மறுபடி தள்ளப்படும், மறுபடி திரும்பும். இதுதான் சர்ஜ். படபடவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது இதுதான். பெரிய பூஸ்டில் இது திரும்பத் திரும்ப நடந்தால் அடி முழுவதும் டர்போவின் தண்டை முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்கும். அந்தக் கணத்தில் காற்றுக்கு ஒரு வழி திறந்துவிடுவதற்காகத்தான் இந்த வால்வே இருக்கிறது.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருவோம். பூஸ்டை அடக்கி வைப்பது ஸ்பிரிங்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், உங்கள் பதிலும் அதே நினைப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வால்வின் தலையில் ஒரு சின்ன ஹோஸ் வருகிறது, பார்த்திருப்பீர்கள். அது எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, த்ராட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது. முழு மிதியில் 1 பார் பூஸ்ட் என்றால் வால்வுக்குக் கீழேயும் 1 பார், இந்த ஹோஸ் வழியாக மேலேயும் கிட்டத்தட்ட அதே 1 பார். ஒரு கதவை இரண்டு பக்கமும் சம பலத்தில் தள்ளினால் சின்னத் தாழ்ப்பாளே போதும் இல்லையா, அவ்வளவுதான் ஸ்பிரிங்கின் வேலை. பூஸ்டை ஏற்றினால் ஸ்பிரிங்கையும் இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலான வால்வுகளுக்குப் பொருந்தாத பேச்சு.

ஸ்பிரிங் உண்மையில் எதிர்த்து நிற்க வேண்டியது ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, மேனிஃபோல்டில் வரும் வாக்யூமை (உறிஞ்சும் இழுப்பை). நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் அது பாதரச அளவில் சுமார் 18 முதல் 20 இன்ச் இருக்கும், வால்வை மேலே இழுத்துத் திறக்கப் பார்க்கும். ஓட்டத்தில் காலை எடுக்கும்போது வாக்யூம் அதைவிட ஆழமாக விழும், கூடவே கீழிருந்து பூஸ்டும் முட்டும். ஐட்லிங்கில் மூடியிருக்க வேண்டும், காலை எடுத்ததும் தயங்காமல் திறக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் திருகின் சரியான இடம் இருக்கிறது.

அப்போ அந்த வாசகருக்குப் பிக்கப் ஏன் குறைந்தது? நான் முதலில் பார்ப்பது அந்த ஹோஸைத்தான். நிப்பிளில் (வால்வின் குழாய் முனையில்) மாட்டியிருக்கும் கடைசி ஒரு சென்டிமீட்டர் எஞ்சின் சூட்டில் விறைத்துப் போயிருக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் விரலால் லேசாக வளைத்தால் ஒரு கீறல் வாயைத் திறக்கும். அதன் வழியாக மேல்பக்க அழுத்தம் ஒழுகிவிட்டால் பூஸ்டில் வால்வு தானாகத் திறந்துகொள்ளும், வண்டி இழுக்காது. இப்போது திருகை இறுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கசிவு மறைந்துவிடும், பிக்கப் வந்த மாதிரி இருக்கும், ஆனால் காலை எடுக்கும்போது வாக்யூமும் சரியாகப் போய்ச் சேராது, ஸ்பிரிங்கும் கல்லாக இருக்கும், வால்வு திறக்காது. அதே மாதிரி பூஸ்ட் மீட்டருக்கும் இன்னும் இரண்டு சாதனங்களுக்கும் T வடிவ இணைப்பு போட்டுப் பிரித்த ஹோஸிலிருந்து வால்வுக்கும் இணைப்பு கொடுப்பது கூடாது. அதற்குத் தனி ஹோஸ் வேண்டும், முடிந்த அளவு குட்டையாக. உள்ளே டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) உள்ள வால்வு என்றால் கை வாக்யூம் பம்ப்பை மாட்டி இழுத்துப் பாருங்கள், முள் நிற்காமல் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் திருகைத் தொட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஐட்லிங் நிலைத்த பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுபோங்கள். வால்வின் வெளிவாயில் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தைக் கையில் கெட்டியாகப் பிடித்துக் காட்டுங்கள், வால்வு திறந்திருந்தால் காகிதம் உள்பக்கம் இழுபட்டு ஒட்டும். வடிகட்டாத காற்று உள்ளே போகிறது என்று அதற்கு அர்த்தம். அரைச் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். காகிதம் இழுபடாமல் தொங்குகிற இடம் வந்ததும் இன்னும் ஒரு துளி இறுக்கி நிறுத்துங்கள். அப்புறம் ஆளில்லாத சாலையில் ஓட்டி, நல்ல பூஸ்டில் காலை எடுத்துக் கேளுங்கள். ஒரே மூச்சாக ‘புஸ்’ என்று வந்தால் சரி. படபடத்தால் கால் சுற்று தளர்த்துங்கள். குறைந்த பூஸ்டில் லேசாகப் படபடத்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். கடைசியில் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள், அதிர்விலேயே திருகு நகர்ந்துவிடும். காற்றைத் திரும்ப இன்டேக் குழாய்க்கே அனுப்புகிற வால்வுக்கு இந்தக் காகிதக் கணக்கு செல்லாது, கம்பெனி பொருத்திய பல வால்வுகள் ஐட்லிங்கில் திறந்தே இருக்கும், அதனால் தீங்கும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் பதில் தொடவே இல்லை. அந்தக் காரில் காற்றளவு சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இருந்தால், அளந்து முடித்த காற்றை வெளியே கொட்டும் வால்வு அந்த எஞ்சினுக்கு ஒத்துவராது. இல்லாத காற்றுக்கும் சேர்த்து இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கொடுக்கும், கியர் மாற்றும்போது கரும்புகை, சிக்னலில் நிற்க வரும்போது எஞ்சின் அணைவது எல்லாம் வரும். எந்தத் திருகும் இதைச் சரிசெய்யாது, காற்றை உள்ளே திருப்பி அனுப்பும் வால்வுதான் வேண்டும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து மட்டும் கணக்கிடும் எஞ்சின்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. புதிய வண்டிகள் பலவற்றில் இசியூவே வால்வை மின்சாரத்தால் திறக்கிறது, அங்கே இறுக்கத் திருகே கிடையாது.

அந்தப் படபடச் சத்தம் பிடித்திருக்கிறது என்பதற்காகவே வால்வை இறுக்கி வைக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்திரிகையில் அச்சில் வந்த ஆலோசனை அவர்களுக்குச் சான்றிதழ் மாதிரி ஆகிவிடும். ஆகவே வரும் வாரமே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஏற்கெனவே இறுக்கிவிட்டவர்கள் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு முதலில் ஹோஸைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
டர்போ மெக்கானிக் ஒருவர்