அறிவியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும்; அந்தச் செலவும் மன்றத்துடையதுதான்.

தேசிய அறிவியல் நாளும் மாணவர் வினாடி வினாவும் வழக்கம்போல் நடந்தன. வான்நோக்கு நிகழ்ச்சி மேகமூட்டத்தால் பாதியில் முடிந்தது.

நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகளை ஆராய, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகம் குறித்து நான் தயாரித்த தகவல் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். முடிவே தெரியாத திட்டத்துக்கு எதற்கு ஜெராக்ஸ் செலவு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். முடிவு தெரியாததால்தான் தொகுத்தேன். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை ஏற்றாலும், தேசிய வனவிலங்கு வாரியம் இசையாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. 2022இல் தமிழக அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காட்டி, திட்டம் வேண்டாமென்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அதற்குப் பிறகு காத்திருப்புதான்.

நம் மன்றத்திலேயே இரண்டு கட்சி. கதிர்வீச்சு வரும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். நியூட்ரினோக்கள் இப்போதே நொடிக்குக் கோடிகோடியாய் நம் உடலை ஊடுருவிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆய்வகம் அவற்றை உண்டாக்குவதில்லை, காந்தமேற்றிய 50,000 டன் இரும்பை வைத்துத் தடம் பார்க்கும், அவ்வளவே. மலைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வெடி வைத்துக் குடைவது சின்ன வேலையா? நீலகிரியில் முதலில் பார்த்த சிங்காராவை முதுமலைப் புலிகளை முன்னிட்டுக் கைவிட்ட பிறகல்லவா இங்கே வந்தார்கள்? இதெல்லாம் தொகுப்பில் இருக்கிறது. நூலகப் பதிவேட்டில் அதை எடுத்துப் படித்தவர் என்று இருப்பது பெரும்பாலும் என் கையெழுத்துதான்.

1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவை முதலில் கண்டவர்களில் நம் நாட்டு விஞ்ஞானிகளும் உண்டு. நியூட்ரினோக்களின் நிறை வரிசை (எது கனம், எது இலேசு) என்ன என்று பொட்டிப்புரத்தில் கேட்க இருந்த அதே கேள்வியோடு, சீனாவின் ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

சந்தா விஷயம். “வழக்கு முடியட்டும், மன்றம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று எதிர்ப்பவரும் சொல்கிறார், ஆதரிப்பவரும் சொல்கிறார். இதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கருத்து. உச்ச நீதிமன்றம் நம் சந்தாவுக்குத் தடை எதுவும் விதிக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு மோசமில்லை, நிலுவை வந்தால் நன்றாகவே இருக்கும். அரங்கம் தந்த தலைமையாசிரியருக்கும், ஒலிபெருக்கி, தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

என் பொறுப்பை ஏற்க இளைஞர் யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு விலகுவேன். வராத பட்சத்தில் தொடர்வதில் ஆட்சேபனையில்லை. அடுத்த ஆண்டு, பொட்டிப்புரத்துக்கான இரும்புக் கருவியின் மாதிரியாக மதுரையில் அமைத்திருக்கும் 85 டன் கருவியைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதவிருக்கிறேன். வேனில் இடம் குறைவு. நிலுவை இல்லாதவர்களின் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் இருப்பார்.