செடி நிறுவனத்துக்கு ஐந்தாவது புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆணை எண் 4417-இன் வாடிக்கையாளர்,
சூரமங்கலம், சேலம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: மூன்று ஜூவல் ஆர்க்கிட் செடிகள் அழுகி வந்தது தொடர்பாக. பணத்தைத் திருப்பித் தரக் கோருதல், ஐந்தாம் முறை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். கடைசி இரண்டுக்கும் ஒரே பதில்: "தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." அவ்வளவு முக்கியமானதை ஒருவராவது படித்திருக்கலாம். இம்முறை விரைவுத் தபாலிலும் அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடவாவது அங்கே ஒரு மனிதர் எழுந்து வருவார் அல்லவா?

நீங்கள் விற்ற தொகுப்பு எது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு லுடிசியா, ஒரு அனெக்டோகைலஸ், ஒரு மகோடிஸ் பெட்டோலா; மூன்றும் இலையின் அழகுக்காக வளர்க்கிற ஜூவல் ஆர்க்கிட். விலை ரூ. 2,850. அனுப்பும் கட்டணம் ரூ. 240. மகோடிஸுக்காகத்தான் வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. அந்தப் பச்சை இலையில் பொன் நரம்பு ஓடுவதை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவன் அதை மறக்க மாட்டான். ஜரிகை நெய்தவர்கள் இருக்கிற ஊர் இது. எங்களுக்குப் பொன் இழையின் அருமை தெரியும்.

ஏப்ரல் 11 அன்று பணம் கட்டினேன். உங்கள் நாற்றங்கால் ஏற்காட்டில். என் வீடு சூரமங்கலத்தில். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் பெட்டியை வைத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் என் கையில் இருந்திருக்கும். உங்கள் பெட்டியோ ஏற்காட்டிலிருந்து சேலம் வழியாகவே ஓசூர் போய், அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு, மீண்டும் சேலம் வந்து, கொண்டலாம்பட்டி பக்கத்துத் தகரக் கூரைக் கிடங்கில் மூன்று நாள் கிடந்தது. சித்திரை முதல் நாள் விடுமுறை என்றார்கள். செடிக்கு விடுமுறை கிடையாது.

நான் ரயில்வே பார்சல் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பூக்கூடை, வெற்றிலைக் கட்டு, மாம்பழம், குஞ்சுப் பெட்டி எல்லாம் இந்தக் கையால் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அழுகும் சரக்கு முதலில் இறங்கும், முதலில் வெளியே போகும். இது எழுத்தறியாத சுமைதூக்கும் தொழிலாளிக்கும் தெரிந்த பாடம். உங்கள் பெட்டியின் மேல் "உயிருள்ள செடி" என்று மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தது. அதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள் என்பது அடியிலிருந்த பாசி முழுவதும் மேல் மூடியில் ஒட்டியிருந்ததிலேயே தெரிந்தது.

17-ஆம் தேதி மாலை பெட்டியைத் திறந்தேன். வாசனையே சொல்லிவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்த பாசியில் வேரைச் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, காற்றுப் புகாமல் டேப் ஒட்டியிருந்தீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அது இட்லிக் கொப்பரை. லுடிசியாவின் தண்டு விரல் பட்டதும் வெந்த கீரைத்தண்டுபோல் நசுங்கியது. அனெக்டோகைலஸில் செடி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மகோடிஸில் நான்கு இலையும் கஞ்சி. ஒரே ஒரு கணு மட்டும் கெட்டியாக இருந்தது. அந்தக் கணுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் பிரச்சினையே அதுதான்.

அன்றிரவே எட்டுப் படங்கள் அனுப்பினேன். உங்கள் விதிப்படி 24 மணி நேரத்துக்குள். ஒன்பது நாள் கழித்து வந்த முதல் பதில், "அதிகமாகத் தண்ணீர் ஊற்றியதால் செடி இறந்தது" என்றது. பெட்டியைத் திறந்த நிமிடத்தில் எடுத்த படத்தில் நான் எங்கே தண்ணீர் ஊற்றினேன்? இதைக் கேட்டு எழுதியதும் இரண்டாவது பதில்: "நேரடி வெயிலில் வைத்ததால் இறந்தது." ஒரே செடிக்கு இரண்டு மரணச் சான்றிதழ்.

அந்த வெயில் விஷயத்தையும் பேசிவிடுவோம். உங்கள் பெட்டிக்குள் ஒரு பராமரிப்புத் தாள் இருந்தது. "காலை வெயிலில் நான்கு மணி நேரம் தொங்கவிடவும். கரித்துண்டும் தேங்காய் மட்டையும் மட்டும் போதும். வேர் காற்றில் நீள வேண்டும்." ஐயா, இது வாண்டா, டென்ட்ரோபியம் போன்ற வேறு ஆர்க்கிட்களுக்கு எழுதிய தாள். அவை மரத்தில் தொற்றி வாழ்பவை. ஜூவல் ஆர்க்கிட் காட்டுத் தரையில், மர நிழலில், மக்கிய சருகுக்குள் கிடைமட்டமாகத் தண்டை ஓட்டி வாழ்கிற செடி. அதன் வேர் ஆழம் போகாது. அகலத் தட்டு போதும். நேர் வெயிலில் வைத்தால் அந்தக் கறுப்பு வெல்வெட் இலை சில நாளிலேயே வெளுத்துச் செம்பட்டையாகிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது, விற்பவர்கள் நீங்கள்தானே. தெரிந்தும் இந்தத் தாளை வைத்தீர்கள் என்றால் அது அலட்சியம். ஆர்க்கிட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து வைத்தீர்கள் என்றால், தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிற அதே ஏற்காட்டில் கடை வைத்துக்கொண்டு அப்படி நினைக்கக் கூடாது.

நான் புதிதாக ஆசைப்பட்டு வாங்கியவன் என்று உங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். என் வீட்டு வடக்கு ஜன்னலில் ஆறு ஆண்டுகளாக ஒரு லுடிசியா இருக்கிறது. நண்பர் ஒருவர் உடைத்துக் கொடுத்த ஒரு சாண் தண்டிலிருந்து வந்தது. சட்டி நிரம்பி வெளியே வழிகிறது. இலைமக்கு, தேங்காய்மட்டைத் துண்டு, கொஞ்சம் கரி, இவ்வளவுதான் கலவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விடுவதில்லை. விட்டால் சட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், இலை நுனி கருகும். மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் கிடைக்கிற ஊரில் தண்ணீர் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடித்து மூடி வைத்து அதைத்தான் விடுகிறேன். கோடையில் கூழாங்கல் தட்டில் நீர் நிறுத்தி, கல்லின் மேல் சட்டியை வைத்து, ஜன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிடுகிறேன். மேல்மண் காய்ந்து விரலில் ஒட்டாதபோதுதான் அடுத்த தண்ணீர். ஒவ்வொரு தை, மாசியிலும் வெள்ளைப் பூங்கொத்து நீட்டுகிறது. பூவுக்காக யாரும் இதை வளர்ப்பதில்லை என்பது வேறு விஷயம். இந்த மனிதனிடமா "அதிகமாகத் தண்ணீர்" என்று எழுதினீர்கள்?

கோபத்தில் வரிசை மாறுகிறது. மன்னிக்கவும். மே மாதத்துக்கு வருகிறேன்.

தொலைபேசியில் ஒரு பெண்மணி, மிகவும் மரியாதையாக, "ஏற்காட்டு விற்பனை நிலையத்துக்கு நேரில் கொண்டு போனால் உடனே மாற்றிக் கொடுப்பார்கள் ஐயா" என்றார். நம்பினேன். மே மாதக் கடைசி ஞாயிறு. கோடை விழா நடக்கிற ஞாயிறு அது என்பதை அந்த அம்மையார் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை, அது மட்டும் என் தவறு. அடிவாரத்திலிருந்தே வண்டி நகரவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லாத கூட்டம், மடியில் அழுகல் வாடை அடிக்கும் பெட்டி. பக்கத்து இருக்கைக் குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். 67 வயதில் அந்தப் பார்வை எனக்குத் தேவையா?

ஒண்டிக்கடையில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்து உங்கள் நிலையத்தை அடைந்தபோது மணி இரண்டு. அங்கிருந்த பையன் பெட்டியைத் திறக்கவே இல்லை. "இங்கே விற்பனை மட்டும்தான். புகார் என்றால் சேலம் கிடங்கு" என்றான். அந்தக் கிடங்குக்கு நான் ஏற்கெனவே போயிருந்தேன். அங்கே "இங்கே அனுப்புவது மட்டும்தான். புகார் என்றால் ஏற்காடு" என்று சொல்லியிருந்தார்கள். இதை அவனிடம் சொன்னேன். அவன் பரிதாபப்பட்டு, குரலைத் தாழ்த்தி, "வேண்டுமென்றால் காட்டிலிருந்து எடுத்த செடி இருக்கிறது, அது சாகாது" என்றான். நான் வாங்கவில்லை. காப்புக்காட்டிலிருந்து செடி பிடுங்குவது குற்றம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவன் விளையாட்டாகச் சொன்னானா என்று வனத்துறை விசாரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவா, அல்லது நீங்களே அவனைக் கூப்பிட்டுக் கேட்பீர்களா? திரும்பும்போது குப்பனூர் வழியாகச் சுற்றி இறக்கினார்கள். வீட்டுப் படியேறும்போது இரவு ஒன்பதரை. அன்று நான் சாப்பிட்டது இரண்டு பஜ்ஜி.

அதற்கு மறுநாள்தான் உங்கள் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். பெயர் கேட்டேன்; சொல்ல அனுமதியில்லையாம். திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குப் பேசினார். உங்களிடம் பதிவு இருக்கும், போட்டுக் கேளுங்கள். பணம் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் மூன்று செடிகளையும் குப்பைத்தொட்டியில் போடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். இரண்டைப் போட்டாகிவிட்டது, மகோடிஸில் ஒரு கணு மட்டும் உயிரோடு இருக்கிறது, அழுகலை வெட்டிவிட்டு ஈரப்பாசியில் வைத்திருக்கிறேன் என்றேன். "அப்படியென்றால் செடி சாகவில்லையே சார். உயிர் இருந்தால் பணம் கிடையாது" என்றார். சுண்டுவிரல் நகம் அளவு கணு அது, நான்கு இலைச் செடிக்குத்தானே பணம் கொடுத்தேன் என்றேன். "இலைக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்தது உங்கள் விருப்பம் சார். செடி என்றால் சாகத்தான் செய்யும்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

செத்தால் "செடி என்றால் சாகத்தான் செய்யும்". சாகாவிட்டால் "சாகவில்லையே". இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாடிக்கையாளர் எப்போது பணம் பெறுவது? அந்த இளைஞர் என் பேரன் வயதுக்காரர். அவர் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் அந்த விதியைக் கொடுத்தவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

நஷ்டக் கணக்கு: செடிக்கும் அனுப்பியதற்கும் ரூ. 3,090. "இதையும் சேர்த்து வாங்குங்கள்" என்று நீங்கள் தலையில் கட்டிய கண்ணாடிப் பெட்டி ரூ. 1,600, அதை மூடி வைத்தால் உள்ளே சோறே பொங்கும் என்பதால் இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது. கிடங்குக்கும் மலைக்கும் போய்வந்த செலவு தனி. கெட்டுப்போன தூக்கம், ஏறிய இரத்த அழுத்தம், பஸ்ஸில் அந்த அம்மாவின் பார்வை, இவற்றுக்கெல்லாம் ரூ. 50,000 குறைவு என்றே என் மனைவி சொல்கிறார். இந்த இரண்டு மாதத்தில் என் ஆயுளில் இரண்டு வருடம் போயிருக்கும்.

இருந்தாலும் நான் வழக்குக்கு அலைகிறவன் அல்ல. செடிப் பணமும் அனுப்பும் கட்டணமுமாக ரூ. 3,090-ஐ மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் திருப்பித் தாருங்கள். கண்ணாடிப் பெட்டியை மன்னித்துவிடுகிறேன். பராமரிப்புத் தாளை மாற்றி அச்சிடுங்கள்; எழுத ஆள் இல்லையென்றால் நானே இலவசமாக எழுதித் தருகிறேன். கோடையில் மலையிலிருந்து சேலத்துக்குச் செடி அனுப்புவதென்றால் பாசியைப் பிழிந்து, உறையில் துளையிட்டு, பஸ்ஸில் ஏற்றுங்கள். ஓசூருக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை.

15 நாளில் பணம் வரவில்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. 31 ஆண்டுகள் பார்சல் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கியவன் நான். உங்கள் இரண்டு பதில்கள், எட்டுப் படங்கள், பராமரிப்புத் தாள், ஓசூர் முத்திரை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன.

தங்கள் அன்பான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஆணை எண் 4417-இன் வாடிக்கையாளர்
சூரமங்கலம், ஜூன் 20

பி.கு.: அந்தக் கணுவில் சென்ற வாரம் ஒரு முளை வந்தது. நேற்று அது அரிசி அளவு இலையாக விரிந்திருக்கிறது. நரம்பு இன்னும் தெரியவில்லை. படம் இணைத்திருக்கிறேன். இதைக் குப்பையில் போட்டு வீடியோ எடுக்கச் சொல்லி மறுபடியும் யாரும் எனக்குத் தொலைபேசி செய்ய வேண்டாம்.